வளையம் தட்டினால் பெண்தான் திறப்பாள்

"அதைத் தட்டாதேடா. அது பொம்பளைங்க தட்டுறது."

"தட்டினா என்னக்கா? உள்ளேயிருந்து ஒருத்தி ஓடி வந்துடுவாளா? வெள்ளிக்கிழமை வரப்போறவளே எனக்குப் போதும்!"

என் தம்பி பெஜ்மான் சிரித்துக்கொண்டே வளையத்தைத் தூக்கினான்.

டிங்... டிங்... டிங்.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நேரம்கூட நினைவிருக்கிறது. ஆகஸ்ட் ஐந்து, பிற்பகல் இரண்டு இருபது. ஈரானின் காஷான் நகரமே வெயிலுக்குப் பயந்து நிலவறைகளில் படுத்துக்கிடந்த நேரம்.

அந்த மாளிகை எங்கள் பாட்டனாரின் தந்தை, பட்டு வணிகர் ஹாஜி அபூதுராப் கட்டியது. கதவின் ஒரு பலகையில் ஆண்கள் தட்டக் கனத்த இரும்புத் தண்டு. மறு பலகையில் பெண்களுக்கு மெல்லிய வளையம். வளையம் ஒலித்தால் உள்ளேயிருந்து பெண்தான் வந்து திறப்பாள். பதினோரு வருடமாகப் பூட்டிக்கிடந்த வீடு அது. தம்பியின் கல்யாணத்தை அதன் முற்றத்தில் நடத்த ஆசைப்பட்டோம். பெருக்கித் துடைக்கத்தான் போயிருந்தோம்.

சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. யாரும் இல்லை.

"காவலுக்கு ஆள் போட்டியா?" என்றான்.

"இல்லையே."

அந்தப்புரத்துக்குப் போகும் நடையில் மரச் செருப்பின் ஓசை. கட்... கட்... விருந்தாளிக்கு வழிகாட்டுவதுபோல முன்னே போனது. பெஜ்மான் பின்னாலேயே போனான். வெளியாள் கண் உள்ளே விழாதபடி அந்த நடை இரண்டு முறை வளையும். முதல் வளைவில் மறைந்தான். இரண்டாவதும் திரும்பியிருப்பான்...

அவன் காலடி படி இறங்கியது.

அந்த நடையில் படியே கிடையாது.

ஓடினேன். புழுதியில் அவன் தடம் இரண்டாம் வளைவு வரை இருந்தது. அங்கே சுவரோடு நின்றுவிட்டது.

"பெஜ்மான்!"

மேலே, வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக் கோபுரம். அதன் குழல் வழியே குரல் வந்தது.

"அக்கா... யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க..."

பிறகு செங்கல் ஓசை. ஒன்றின்மேல் ஒன்று.

டக்... டக்...

பிறகு எதுவும் இல்லை.

மூன்று பத்துக்கு அவனைக் கண்டேன். முற்றத்தின் வறண்ட குளத்துக்குள் உட்கார்ந்திருந்தான். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

பக்கத்து வீட்டு தூரான் அம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் சொன்னாள்:

"உங்க ஹாஜி லேசுப்பட்ட ஆளில்ல. என் மாமியார் சொல்வாங்க. ரெண்டாம் கல்யாணத்துக்கு முதல் நாள், அவரே அந்த வளையத்தைத் தட்டினாராம். தன் தங்கச்சி வந்துட்டாள்னு மூத்த சம்சாரம் ஓடி வந்து திறந்தா. அவ்வளவுதான். விடிஞ்சா அந்த நடை வளைவுல புதுச் சுவரு."

புதன்கிழமை ஆட்களை வைத்து அந்தச் சுவரை இடித்தோம். உள்ளே படிகள். கடைசிப் படியில் ஒரு பெண்ணின் எலும்புகள். பக்கத்தில் பெஜ்மானின் இடது கால் காலணி.

அந்தச் சுவரில் அதுவரை ஒரு கல்கூட நகர்ந்ததில்லை என்று கொத்தனார் சத்தியம் செய்தார்.

வியாழக்கிழமை மாலை தம்பி வாய் திறந்தான். குரல் அவனுடையதுதான். ஆனால் என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஏம்மா... ஹாஜி உள்ளேதானே இருக்கார்? மூத்தவ வந்திருக்கேன்னு சொல்லிடாதே. கொஞ்சம் வாசலுக்கு வரச் சொல்லேன்..."