திறப்பு விழாப் பந்தல்

சைகோனில் பிறந்த சௌந்தரம், ஊரின் பெயர் மாறிய பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. அரசாங்கக் கட்டுமான அலுவலகத்தில் மதிப்பீடு போடுவது அவள் வேலை. செலவைக் குறைப்பதில் எமகாதகி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கம் ஒரு புதுச் சிறைச்சாலை கட்ட முடிவானது. மதிப்பீடு எகிறிவிட்டது, குறை என்றார் இயக்குநர். சௌந்தரம் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். வாசலின் அலங்கார வளைவு போனது. கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே அளவாயின. மொத்தமாகச் செய்தால் மலிவு. பின்சுவருக்குப் பூச்சு எதற்கு, யார் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் போனது. அப்படியும் போதவில்லை. கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்க வாசலுக்கு வெளியே போடுவதாக இருந்த கொட்டகையை இயக்குநரே பேனாவால் அடித்தார். வெளியே நிற்பவர்களுக்குக் கூரை எதற்கு என்றார்.

சௌந்தரத்துக்கு வேறொரு வாசல் நினைவுக்கு வந்தது. பழைய ஆட்சியில் குமாஸ்தாவாக இருந்த பாவத்துக்கு அவள் கணவர் தண்டாயுதபாணியை ஒரு காலத்தில் புது ஆட்சிக்காரர்கள் சிறை முகாமில் வைத்திருந்தார்கள். ரேஷன் சர்க்கரையை மாதக்கணக்கில் மிச்சம்பிடித்து அவருக்கு எடுத்துப்போனாள். வாசலில் ஒதுங்க இடமில்லை. கொட்டுகிற மழையில் பொட்டலம் அவள் கையிலேயே கரைந்து வழிந்தது. அவர் ஈரக் காகிதத்தை நக்கினார். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மதிப்பீட்டில் எவரும் தொடத் துணியாத ஒன்று இருந்தது. அதுதான் வாசலில் போடும் திறப்பு விழாப் பந்தல். பெரியவர்கள் உட்காரும் நிழலில் கை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? விழா மழைக்காலத்தில் வருகிறது, துணிப்பந்தல் ஒழுகுமே என்று மெதுவாகச் சொன்னாள். வேறு வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பங்களை நட்டால், துணிப்பந்தலுக்கு ஒதுக்கிய வாடகைப் பணத்திலேயே தகரம் போட்டுவிடலாம் என்றாள். பெரியவர்கள் நனைவதை நினைத்ததும் இயக்குநர் உடனே கையெழுத்துப் போட்டார்.

விழா முடிந்தது. பந்தலைப் பிரிக்கச் சொன்னார் இயக்குநர்.

“பிரிக்கிற கூலி மதிப்பீட்டுல இல்லைங்களே” என்றாள் சௌந்தரம்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

கைதிகளைப் பார்க்க அனுமதித்த முதல் நாள் நல்ல மழை. சௌந்தரம் பஸ் பிடித்துப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தாள். தகரத்தின் கீழே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பொட்டலங்களோடு.

வீட்டுக்கு வந்ததும், இப்படித் தொப்பலாக நனைந்து எங்கே போனாய் என்று கேட்டார் கணவர். புதுச் சிறை வாசலுக்கு என்றாள். அவர் முகம் சுருங்கியது.

“இன்னைக்கு அங்க யாரோட சர்க்கரையும் நனையலங்க.”

 அவர் அவள் கையிலிருந்த துண்டை வாங்கி அவள் தலையைத் துவட்டிவிட்டார்.