எழில்மொழி வரைகிற வீடுகள்

கீபோர்டில் கை வைப்பதற்கு முன் எழில்மொழி வீடு வரைவாள். டீக்கடைச் சீட்டோ, சரக்கு ரசீதின் பின்பக்கமோ, எது கிடைத்தாலும் சரி. வரிசையாகக் கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் கதவு எண் எழுதுவாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டருக்குள்ளும் அவள் கண்ணுக்குத் தெரிவது பிளாக்கும் கதவு எண்ணும்தான்.

டீயை ஆறவைத்து, ஆடை படிந்த பிறகு ஒரே மூச்சில் குடிப்பாள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு ஃபுட்பால் ஷூ போட்டுக்கொண்டு வருவாள். அங்கே தரையெல்லாம் ஆணி. ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று காதால் கேட்கமாட்டாள், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். ராயபுரத்தில் முப்பத்தைந்து வருஷமாக மைக் செட் நடத்துகிற எனக்கே அது புதுசு. நாலாங்கிளாஸ் படிப்பும் ஒற்றைக் குழாய் ஸ்பீக்கருமாக ஆரம்பித்தவன் நான். இன்று என்னிடம் நாற்பது குழாய். மதார் சாகிப் கட்டிய ஒயர் தப்பு செய்தது என்று வடசென்னையில் ஒருவனும் சொன்னதில்லை.

2004-ல் அந்த யார்டில், கிரேன் நகர்ந்தால் ஸ்பீக்கர் தானாகப் பேச வேண்டும் என்றார்கள். கிளம்பினால், "இரண்டாம் தடம், கிரேன் வருது, விலகு." நின்றால், "ஒன்றாம் தடம், காலி, போகலாம்." குரல் என்னுடையது. கம்ப்யூட்டர் வேலை அவளுடையது. சத்தத்தை வாசிக்கும் பொறுப்பை, சி மொழியில் வேறு எவரோ எழுதிவைத்த, லைப்ரரி என்கிற ரெடிமேட் புரோகிராமிடம் ஒப்படைத்திருந்தாள்.

"அந்த லைப்ரரி கீறானே, அவன் நம்மகிட்ட சத்தத்தக் கேக்க மாட்டான் பாய். அட்ரஸ்தான் கேப்பான். அதுக்குப் பேருதான் பாயிண்டர். பதினாலாம் நம்பர் வூட்ல கீதுன்னு சொன்னா, அவனே போய் எடுத்து வாசிப்பான்."

"அப்படி ஒரு வூடே இல்லன்னா?"

"கம்ப்யூட்டரு படுத்துக்கும். உன்னாட்டம் திட்டாது."

ஒவ்வொரு அறிவிப்பாகச் சோதித்தபோது எல்லாம் சரி. முதல் நாள் காலை, இரண்டாம் தடத்தில் கிரேன் கிளம்பிய அதே நொடியில் ஒன்றாம் தடத்துக் கிரேன் நின்றது. அத்தனை குழாயிலும் என் குரல் கணீரென்று சொன்னது: "இரண்டாம் தடம், காலி, போகலாம்."

லோடுமேன் எத்திராஜ் அதை நம்பித் தடத்தில் இறங்கிவிட்டார். டிரைவர் பிரேக் போட்டபோது, தொங்கிய கன்டெய்னர் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. நான் அப்படிப் பேசவே இல்லையே.

மானேஜர் செல்வநாதன் நேராக என்னிடம் வந்தார். "யோவ் பாய், உன் ஓட்ட செட்டக் கழட்டிகினு கெளம்பு."

"அவரு செட்டு மேல கை வைக்காதீங்க சார்," என்றாள் எழில்மொழி. "தப்பு என்னுது."

"எழுதிக் குடுப்பியா?"

எழுதினாள். இத்தனை வருஷத்தில் தப்பு என்னுடையது என்று தானாக வந்து சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை; நானும் சொன்னதில்லை. நாளைக்குள் ஸ்பீக்கர் சரியாகப் பேசாவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லி, செல்வநாதன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வரைந்த வீடுகளில் பதினாலாம் எண் மட்டும் கறுப்பாக அடித்துக் கிடந்தது.

"நம்பரு கரீட்டாதான் குடுத்தேன் பாய். அவன் வாசிச்சிகினு இருக்கும்போதே, அந்த வூட்ல வேற குடித்தனத்த ஏத்திட்டேன். மொதல் பாதி பழைய ஆளு, 'இரண்டாம் தடம்'. மிச்சம் புது ஆளு, 'காலி, போகலாம்'."

லைப்ரரி வாசித்து முடித்துவிட்டதாகத் திரும்பச் சொல்லும்வரை அந்த இடத்தை யாருக்கும் தரக் கூடாது. திருத்தம் அவ்வளவுதான். நாலே வரி என்றாள். அந்த நாலு வரி இல்லாமல் ஒரு உயிர் போயிருக்கும்.

மறுநாள் ஒரு கிரேன் கிளம்பும் அதே நொடியில் மற்றது நிற்கும்படி இயக்கிப் பார்க்க ஏற்பாடு. இரண்டாம் தடத்தில் நிற்க எத்திராஜைக் கூப்பிட்டார்கள்.

"ஒருவாட்டி பொழைச்சது போதும் சார். எழுதுனவளே போய் நிக்கட்டும்."

எழில்மொழி போய்த் தடத்தின் நடுவில், கிரேனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"திரும்பிப் பாத்து நில்லும்மா," என்று கத்தினேன்.

"பாத்து ஓடுறதுக்கு உன் ஸ்பீக்கரு எதுக்கு பாய்?"

கண்ணை மூடிக்கொண்டாள். கிரேன் உறுமியது. குழாய்கள் பேசின: "இரண்டாம் தடம், கிரேன் வருது, விலகு." 'விலகு' என்ற கடைசிச் சொல் முழுசாக முடியும்வரை அவள் அசையவில்லை. அதன் பிறகுதான், கண்ணைத் திறக்காமலே, இரண்டு எட்டு ஒதுங்கினாள்.