எதிர்ச்சுற்று

அமிர்தகழித் திருவிழாவில் கோயில் குளத்தைச் சுற்றிப் பெடியன்கள் ஒரு பக்கமாகவும் பெட்டைகள் எதிர்ப்பக்கமாகவும் நடப்பார்கள். அப்போதுதான் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் முகம் பார்க்கலாம். அன்று மூன்று சுற்று நடந்தும் என்னுடையவளைக் காணவில்லை. சனநெரிசலில் போனும் எடுபடவில்லை. பொறுமை கெட்டு, வந்த வழியே திரும்பினேன்.

“திரும்பாதீங்க தம்பி” என்றார் கச்சான் கடலை விற்ற பெண். நாற்பது வயதிருக்கும். வாங்க ஆளில்லாதபோதும் தகரப் பேணியால் கச்சானை அள்ளிக் கொட்டிக்கொண்டேயிருந்தார். “அவ நடக்கிற பக்கமாவே நீங்களும் நடந்தா, எத்தின சுத்துச் சுத்தினாலும் காணமாட்டீங்க.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒருத்தர் இப்பிடித்தான் அவசரப்பட்டுத் திரும்பினவர். அவர் வரவேயில்ல எண்டு நினைச்சி நான் வீட்ட போயிட்டன்.”

“பிறகு அவர் வந்து சொன்னாரா?”

“இல்ல, அவர்ட மனிசி சொன்னா. கச்சான் வாங்க வந்த இடத்தில, சிரிச்சிச் சிரிச்சி. அவர் தவறவிட்ட பெட்டை நான்தான் எண்டு அவவுக்குத் தெரியாது.”

நான் பழைய பக்கமாகவே நடந்தேன். நாலாம் சுற்றில் அவள் எதிரே வந்தாள். இருவருமாகக் கச்சான் வாங்கப் போனோம். அந்தப் பெண் எங்களைப் பார்க்காமலே அளந்து தந்தார். அவருடைய கண் பெடியன்கள் வரும் பக்கத்திலேயே இருந்தது.