நாளைக்கு வாங்க அக்கா

டாக்ஸி ஓட்டுநரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருகிறாள். இடது கன்னம், வலது கன்னம், மறுபடி இடது. பின் இருக்கையில் ஒரு நிமிடம்கூடச் சாய்ந்து உட்காரவில்லை. இறங்கும் இடம் வந்ததும் கேட்டே விடுகிறாள்.

“அண்ணே, உங்க ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் கறுத்துப்போயிருக்கு, பாத்தீங்களா? வெயில் கண்ணாடியத் தாண்டியும் வரும். வெயிலுக்குப் போடுற கிரீம் ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

“ஏம்மா, நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்?”

“நடிக்காதவங்களுக்குத் தோல் கிடையாதாண்ணே?”

அவர் சிரிப்பதற்குள் இவள் பாதிப் படி ஏறியாகிவிட்டது. மாடியில் இருக்கும் அழகு நிலையத்தில் பதினாறு வருடமாக முகம் பார்க்கும் வேலை. மற்றவர்கள் தெருவில் பெயர்ப்பலகை படித்துக்கொண்டு போவார்கள். இவள் முகம் படிப்பாள். ஒருமுறை துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்தவளிடம் போய், “தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. கண்ணுக்குக் கீழ தோல் ரொம்ப மெல்லிசு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு.

கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒரு கட்டு இருக்கும். வருகிறவர்களை முதலில் வெறும் தண்ணீரில் முகம் கழுவச் சொல்லி, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பாள். பிறகு நெற்றியில், மூக்கில், கன்னத்தில் காகிதத்தை ஒற்றி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். எல்லா இடத்திலும் எண்ணெய்க் கறை என்றால் ஒரு ஜாதி. எங்கும் கறை இல்லாமல், சிரித்தால் கன்னம் இழுக்கிறது என்றால் வேறு ஜாதி. நெற்றியும் மூக்கும் ஒரு கட்சி, கன்னம் எதிர்க்கட்சி என்றால், “இதுதாங்க ஊர்ல பாதிப் பேருக்கு” என்பாள்.

“எனக்கு எண்ணெய் வழியுதுங்க. அதான் ஒரு நாளைக்கு எட்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுறேன்” என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை சொன்னபோது, இவள் நாற்காலியைச் சுற்றி மூன்று சுற்று நடந்தாள்.

“எட்டு தரமா? முகம் என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா டீச்சர்? தோலுக்கு மேல அதுவா போட்டு வச்சிருக்கிற காப்பு ஒண்ணு இருக்கு. அதையும் சேத்துக் கழுவிட்டா அப்புறம் எரியாம என்ன செய்யும்? எண்ணெய் இருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தமில்ல. ரெண்டு தரம் போதும். கழுவின கையோட ஈரம் காக்குற கிரீம் போடுங்க.”

இதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும். பிடிக்காதது அடுத்து வருவது. புதிதாக எதைப் பூசுவதென்றாலும் முதலில் ஒரு தாளை எடுத்து ஏழு கேள்வி கேட்பாள். பிறகு காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிடுவாள். ஒரு நாள் முழுக்கச் சிவக்காமல், அரிக்காமல் இருந்தால்தான் முகத்தில் கை வைப்பாள். கெஞ்சினாலும் சரி, கோபித்துக்கொண்டாலும் சரி, அதே பதில்தான். அப்படித்தான் ‘நாளைக்கு வாங்க அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. “வர்ற ஆளை வாசலோட திருப்பி அனுப்புறதுக்கா நான் வாடகை கட்டுறேன்?” என்று முதலாளியம்மா வாரத்துக்கு ஒருமுறை தலையில் அடித்துக்கொள்கிறார்.

இந்தப் பிடிவாதம் இரண்டு வருடமாகத்தான். அதற்கு முன்பும் தாளும் கேள்வியும் உண்டு, ஊராருக்கு. தன் தங்கைக்கு மட்டும் இல்லை.

தங்கைக்கு அப்போது ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்கும் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். “பளிச்சுனு ஏதாவது பண்ணிவிடுக்கா” என்று வந்தாள். மேல்தோலை உரித்தெடுக்கும் திரவத்தை அக்கா எடுத்தாள். தாளை எடுக்கவில்லை. சின்ன வயதில் தினமும் தானே கழுவிவிட்ட முகம். அதைப் பற்றி என்ன கேட்பது? தங்கையோ, ஒரு தோழி கொடுத்த பருக் கிரீமை ஒரு மாதமாக இரவில் பூசிக்கொண்டிருந்தாள். தோல் ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை வெந்துபோயிற்று. புண் ஆறியது, கறை நின்றுவிட்டது. வாசலில் உட்கார வேண்டியவளை உள்ளறையில் தொலைபேசி எடுக்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து முகத்தில் கனமான பூச்சு இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அக்கா அந்தக் கறையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அவள் விடவில்லை. பேச்சும் அம்மா வழியாகத்தான். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தங்கை, “அவகிட்டச் சொல்லும்மா” என்பாள். பாவி, என் கையாலேயே கெடுத்தேனே என்று அக்கா புலம்பாத நாளில்லை. ஊர் முகத்தையெல்லாம் கேட்டவள், பெற்ற தாய்க்குச் சமமாக வளர்த்த முகத்தைக் கேட்கவில்லையே. அந்தக் கறையைக் கண்ணால் பார்த்தால்தான் தோல் மருத்துவரிடம் போகலாமா, என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

இன்று காலை அம்மா தொலைபேசியில், “அவ வர்றாளாம். நாலு மணிக்கு. எதுக்குன்னு சொல்லல. நீ வாயைத் திறந்து எதையாவது கெடுத்துடாத” என்றாள்.

அவ்வளவுதான், அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டுகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். இரண்டு மணிக்கு வந்தவளை நாளைக்கு வரச் சொன்னாள். மூன்றரைக்கு வந்தவளை எதற்கு வந்தாள் என்றுகூடக் கேட்காமல் நாளைக்கு வரச் சொன்னாள். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை கழுவினாள். “அஞ்சாவது தரம். டீச்சருக்குச் சொன்ன புத்தி உனக்கில்லையா?” என்றார் முதலாளியம்மா. நாலு ஆயிற்று. நாலே காலும் ஆயிற்று. வரமாட்டாள் என்று முடிவு செய்து, நாற்காலிக்கு மேலிருந்த விளக்கை அணைக்கப் போன நேரத்தில் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடியைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அக்கா தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

“பேரு?”

“என் பேரு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நீ சொல்லு.”

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அக்கா எழுதிக்கொண்டாள். வயது, வெயிலில் போவது, மருந்து, ஒவ்வாமை என்று ஒன்றையும் விடவில்லை. ஏழாவது கேள்விக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து கேட்டாள்.

“ராத்திரி முகத்துல என்ன போடுற?”

“ஒண்ணும் போடுறதில்லக்கா. பகல்ல இந்தப் பூச்சு மட்டும்தான்.”

தட்டிலிருந்த பஞ்சைத் தங்கையே எடுத்தாள். பூச்சைக் கரைக்கும் எண்ணெயில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்துப் பூச்சை மேலிருந்து கீழாக ஒத்தி ஒத்தித் துடைத்தாள். கடைசித் திட்டும் போனபிறகு பஞ்சை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கன்னத்தை அக்கா பக்கம் திருப்பினாள்.