மீன் எடுக்கப் போன காலை

எங்கள் குப்பம் கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால். அங்கே ஒருவனின் மீனை எந்தப் பெண் எடுக்கிறாளோ அவள்தான் அவன் வீடு. கட்டுமரம் கரையேறியதும் கல்யாணம் ஆனவனின் மீனை மனைவி எடுப்பாள். ஆகாதவனின் மீனை அம்மா எடுப்பாள். அம்மா இல்லையென்றால் அக்கா. வேறொருத்தி கைவைத்தால் ஊர் திரும்பிப் பார்க்கும்.

எழுபதுகளின் நடுவில் அது. என் புருஷன் வேறொருத்தியோடு பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவன் விட்டுப்போன வலையைக் கேட்டு ஒருவன் வந்தான், என்னைவிடப் பத்து வயது இளையவன். வலையை வாங்கிப்போனான். மறுநாள் எதையும் கேட்காமல் வந்தான். அவன் தோளில் உப்பு காய்ந்து வெள்ளையாய்ப் பூத்திருக்கும். அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவள் நான். அப்பா செங்கல்பட்டு ரயிலடியில் மீன் விற்றதால் அந்த ஊரிலேயே எனக்குப் பத்தாவது வரை படிப்பு. வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விடமாட்டேன். எதிலும் நாயகிக்கு முப்பத்தைந்து வயதில்லை. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட.

ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போய் ஒரு நாள் அவனே சொன்னான்: "நாளைக்கு நீ வந்து மீன எடு. அத்தோட எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இன்னா பண்ணிடுவாங்க?"

போனேன். இருப்பதில் நல்ல புடவை, இடுப்பில் கூடை. அத்தனை பெண்களும் பார்க்கக் குனிந்து அவன் மீனை அள்ளினேன். அம்மா செத்ததிலிருந்து அவன் மீனை எடுத்துவந்த அக்கா, என்னைவிட ஒரு வயது சின்னவள், எதிரே நின்றாள். முடியைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள்.

"அடியே, இங்க வந்து பாருங்கடி! எங்கம்மா பூட்டாளேன்னு அய்துகினு இருந்தேன், இதோ எழுந்து வந்துகீறா!"

கரை முழுக்கச் சிரிப்பு.

"இன்னாம்மா, புள்ளைக்கு எப்ப கண்ணாலம்?" என்றாள் ஒருத்தி.

"தாய்ப்பால் மறக்கடிச்சாச்சா, இன்னும் குடிச்சிகினு கீறானா?" என்றாள் இன்னொருத்தி.

அவனைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. ஒரு தலையாட்டல். அது போதும் எனக்கு. அவன் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு அவன் அம்மா என்றே பேர். அக்கா கெட்டிக்காரி. ஆவணியில் கடப்பாக்கத்தில் அவனுக்குப் பெண் பார்த்துவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தாள். "மீன் எடுத்தவதான தட்டு மாத்தணும்? வாம்மா. வரலன்னா ஊர கூட்டுவேன்."

கூட்டட்டும், நீ நம்மைப் பற்றி ஊரில் சொல்லிவிடு என்று அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான்: "தட்டுதான? புடிச்சிட்டுப் போயேன். இன்னா இப்போ?"

பிடித்தேன். கல்யாணத்தன்று இருவரும் என் காலில் விழுந்தார்கள். "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்றான். எல்லார் முன்னாலும் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பெண் சாது. ஊர் பேச்சைக் கேட்டு மாமியார் முறை என்றே நினைத்து தினமும் என்னிடம் வருவாள். தை மாதம் ஒரு மத்தியானம் மீனை அலசிக்கொண்டே கேட்டாள்: "அத்தே, நான் இன்னா செஞ்சாலும் மூஞ்ச திருப்பிக்கினே கீறாரு. அவருக்கு இன்னாதான் புடிக்கும்?"

சொன்னேன். சாப்பாட்டைச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் தொட்டால் எப்படிக் கண்ணை மூடுவான் என்பதில் தொடங்கி, நிதானமாக, ஒன்றையும் விடாமல். அவள் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. அழவில்லை.

"நீ அவருக்கு இன்னா வோணும்?" என்றாள்.

அந்தக் கரையில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. கேட்க அந்தக் குழந்தைதான் கிடைத்தாள். பதில் சொன்னேன், அக்காக்காரி வீடு வரை கேட்கும்படி.