மாமி இறக்கி வைத்த குடம்

எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை. யாரில் கோபம் என்று கேட்டால் ஒரு குடும்பத்தையே காட்டவேண்டி வரும். அம்மாவில், மாமாவில், வீடியோக்காரனில், கடைசியாகப் பின்லாந்து மாமியிலும். கதையைக் கேட்டுவிட்டு, மாமியில் என்ன பிழை, பாவம் அந்த மனிசி என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் வருகிறேன்.

மாமா என்றது அம்மாவின் ஒரே தம்பி. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர் எங்கெங்கோ அலைந்து பின்லாந்தில் போய்ச் சேர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமும் கட்டினார். பிறகு, ஒரே அக்கா மெல்பேர்ணில் இருக்கத் தான் மட்டும் ஏன் பனிக்குள் கிடக்கவேண்டும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனைவிதான் பின்லாந்து மாமி. மிருக வைத்தியர் ஒருவரிடம் அவருக்கு வேலை. நாய் பூனைகளோடு பழகுவதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. சிக்கலெல்லாம் எங்களோடுதான்.

மாமிக்குப் பிடித்தது ஒன்றாவது எங்கள் ஆட்களுக்குப் பிடிபட்டதில்லை. உப்புப் போட்ட கறுப்பு மிட்டாயைத் தன் ஊரிலிருந்து வரவழைத்துச் சப்புவார். நானும் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி வாயில் போட்டேன். பற்றரியை நக்கியதுபோல் இருந்தது, அவர் வாசலிலேயே துப்பினேன். பால் விடாத கோப்பியை நாள் முழுக்கக் குடிப்பார். மெல்பேர்ண் வெயில் கொதிக்கிற நாளில், இந்த வெயில் எனக்கு ஒத்துவராது என்று யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, மாமா கராஜுக்குள் பலகை அடித்துக் கட்டிக்கொடுத்த நீராவி அறைக்குள் போய் உட்கார்ந்து வேர்ப்பார். இந்தக் கோதாரிக்கு வெயிலிலேயே நிற்கலாமே என்று அம்மா சொல்லுவார். அதே மாமி யூலைக் குளிரில் கடலில் இறங்கி நீந்தவும் செய்வார்.

பிடிக்காததும் ஏராளம். கட்டிப்பிடித்துக் கொஞ்சினால் மரம்போல நிற்பார். கடையில் காசு வாங்குகிற பெட்டை எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டால், நின்று யோசித்து, நேற்று நித்திரை சரியில்லை, முதுகும் நோகிறது என்று உண்மையைச் சொல்லுவார். பின்னால் நிற்கிற சனம் பெருமூச்சு விடும். சும்மா கதைப்பது பிடிக்காது. பொய் அறவே பிடிக்காது. அம்மா புதுச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து வடிவா என்று கேட்க, இல்லை, பழைய பச்சைதான் உங்களுக்கு நல்லது என்றார். அம்மா அந்தச் சேலையை அதற்குப் பிறகு உடுத்தவேயில்லை. வீட்டுக்குள் சப்பாத்தோடு வராதது ஒன்றுதான் அம்மா அவரிடம் கண்ட நல்ல பழக்கம்.

இதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மாமியிடம் யாராலும் பொறுக்க முடியாமல் போனது, 'வேண்டாம்' என்றால் அவர் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வதைத்தான்.

எங்கள் சனத்தில் முதல் 'வேண்டாம்' என்பதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது வேண்டாம் கூச்சம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்தி, குடியுங்கோ என்று வற்புறுத்தினால்தான் தேத்தண்ணி தொண்டையால் இறங்கும். மாமாவும் மாமியும் கிரெய்கிபர்னில் வீடு வாங்கிய புதிதில், அம்மா தன் சிநேகிதிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கிளென் வேவர்லியிலிருந்து அவ்வளவு தூரம் போனார். நானும் போனேன். மாமி பெரிய கேக் ஒன்று செய்து மேசையில் வைத்திருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். சரி என்று மாமி கேக்கை எடுத்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டபடி, கல்லில்கூட நார் உரிக்கலாம், இவளிட்ட ஒரு வாய்த் தண்ணி வாங்கேலாது என்று அம்மா திட்டித் தீர்த்தார்.

பதிலுக்கு எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். மாமி போதும் என்று சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை வைத்து மறைத்தார். அம்மா சிரித்துக்கொண்டே, சும்மா சொல்லுறா என்று அகப்பையைச் சரித்தார். சூடான சொதி அந்தக் கையில் கொட்டியது. மாமி கத்தவில்லை. தன் கையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். ஒரு பெரிய மனிசிக்கு இப்படியும் ஒருவர் செய்வாரா என்று அவருக்கு விளங்கவேயில்லை. எழுந்து போய்க் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அம்மா அன்றைக்கும் கோபித்தது மாமியைத்தான்.

அந்த வருடம்தான் நான் பெரியபிள்ளையானேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் புது வகுப்பு, புதுச் சிநேகிதிகள். அம்மா உடனே சடங்குக்கு டண்டினொங்கில் மண்டபம் பார்க்க ஓடினார். என் படம் போட்டு அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். என் வகுப்பில் எனக்குப் பின்வரிசையில் இருக்கும் பொடியனின் தாய் தகப்பன் தமிழ்நாட்டுக்காரர். அப்பாவோடு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கும் ஒன்று போனது. அடுத்த திங்கட்கிழமை அந்த அழைப்பிதழ் வகுப்பில் கை மாறிக்கொண்டிருந்தது. இது என்ன விழா என்று ஒருத்தி கேட்க, அவன் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கம் சொன்னான். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைக் கழிப்பறைக்குள் இருந்து சாப்பிட்டேன். என் உடம்புக்குள் நடந்த ஒன்றை ஊருக்கு அச்சடித்துக் கொடுக்க இவர்கள் யார்?

எனக்கு இது வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். அப்பாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லு என்றார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் மாமாவிடம் போனேன், அவர் வெளிநாடெல்லாம் பார்த்தவர் என்று நம்பி.

“எல்லாப் பிள்ளையளும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்றார் மாமா. “பிறகு போட்டோ அல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பாப்பீர்.”

மாமியிடம் நான் போகவில்லை. அவர்தான் யாரோடும் கதைக்கமாட்டாரே. ஆனால் தாய்மாமனின் மனைவி என்ற முறையில் எனக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியவர் அவர்தான். குடத்தை எப்படிப் பிடிப்பது, எந்தத் தோளில் முதலில் ஊற்றுவது என்று அம்மா காட்டிக்கொடுத்தார். மாமி கவனமாகக் கேட்டுப் பழகினார். சடங்கன்று காலையில் ஐயர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குச் சரியாகச் சேலையோடு வந்து வாசலில் நின்றவரும் அவர் ஒருவர்தான். வீட்டில் அப்போது ஒருவரும் குளித்துக்கூட முடிக்கவில்லை.

வீட்டுப் பின்வளவில் பந்தல் போட்டு, பலகை வைத்து, என்னைக் கிழக்குப் பார்க்க இருத்தினார்கள். கையில் வெற்றிலையும் சில்லறையும். குளிர்காலம் போயும் போகாத காலை. எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. சுற்றிவர அன்ரிமார் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமா பாலும் அறுகும் என் தலையில் வைத்தார். பிறகு மாமி குடத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து குனிந்தார். யாருடைய முகத்தையும் ஊன்றிப் பார்க்காதவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டார்.

“உனக்கு இது வேண்டுமா?”

எத்தனையோ கிழமையாக எல்லோருக்கும் சொன்ன அதே சொல்லைத்தான் அவருக்கும் சொன்னேன். வேண்டாம் என்றேன்.

மாமி குடத்தைப் புல்லில் இறக்கி வைத்தார்.

அவ்வளவுதான். நிமிர்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஊத்துங்கோ அன்ரி, பிழை வந்தால் இன்னொருக்கா எடுப்பம் என்றான் வீடியோக்காரன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். மாமா பின்லாந்து மொழியில் அவசர அவசரமாக ஏதோ சொன்னார். மாமி எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார், அவள் வேண்டாம் என்கிறாள் என்று.

“அவள் சின்னப்பிள்ளை, என்னத்தையும் சொல்லுவாள்,” என்றார் அம்மா. “ஊத்தச் சொல்லு தம்பி, நேரம் போகுது.”

மாமா மனைவியின் முழங்கையைப் பிடித்துக் குடத்தின் பக்கம் திருப்பினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இப்போது எழுதும்போதும் வருகிறது. அவருக்குத் தெரியும். அந்த மனிசி வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்காவுக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நின்றார். மாமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“நான் காரில் இருக்கிறேன்.”

போய்விட்டார். குடத்தை இறக்கினாரே, இனிச் சண்டை பிடிப்பார், எல்லோரையும் ஏசுவார், என்னைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே நடந்து போனார். அப்பாவின் தங்கை குடத்தை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். இளஞ்சூடாக வைத்த தண்ணீர் அதற்குள் ஆறிச் சில்லிட்டிருந்தது. நான் வாய் திறந்து கத்தினேன். வீடியோவில் அந்த இடத்தில் நாதஸ்வரத்தைப் போட்டு என் சத்தத்தை மூடியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஏச்செல்லாம் எனக்குத்தான். ஊர் வாயை மூடலாமோ, சபையில் என்னைக் குனிய வைத்தாய், அவளுக்கு என்ன சொன்னனீ என்று, மேக்கப் போடுகிற பெண் என் முகத்தில் பூசிக்கொண்டிருக்க அம்மா தொடையில் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு நகை, சேலை, பூச்சடை எல்லாம் ஏற்றி வீட்டு முன்னால் கொண்டுபோய்ப் படம் பிடிக்க நிறுத்தினார்கள். றோட்டுக்கு அந்தப் பக்கம் மாமியின் கார் நின்றது. மாமி உள்ளே நேராகப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெருப்பைக் கொளுத்திப் போட்டுவிட்டுத் தான் சொகுசாகக் காருக்குள் கோபித்துக்கொண்டு இருக்கிறார் பார் என்று நினைத்தேன். ஒருக்கா இறங்கி வந்தால் என்ன? வந்து கூப்பிட்டால் என்ன? வருவார் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மண்டபத்துக்கு மாமா தனியாகத்தான் வந்தார். அம்மா அதற்குப் பிறகு மாமியோடு கதைக்கவில்லை. மாமிக்கு அது பெரிய தண்டனையாகப் பட்டதோ என்னவோ. நானும் கதைக்கவில்லை. அம்மாவின் கோபம் ஒரு விதம், என்னுடையது இன்னொரு விதம். நடுவில் விட்டுவிட்டுப் போனவள் என்ற கோபம் எனக்கு.

படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு, மாமாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா உறங்கிக்கொண்டிருந்தார். குசினியில் மாமி கோப்பி தரட்டுமா என்று கேட்டார். ஓம் என்று முதல் தரமே சொன்னேன், அவ்வளவு காலத்துக்குப் பிறகு அதையாவது கற்றிருந்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்துவிட்டது. ஏன் மாமி அன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

மாமி வழக்கம்போல யோசித்தார்.

“நான் போகவில்லை. காரில் இருக்கிறேன் என்று உனக்குச் சொன்னேன்,” என்றார். “பின் சீற்றில் இருந்த சாமான்களையெல்லாம் எடுத்து டிக்கியில் போட்டேன். நீ வெளியே வந்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு மற்றப் பக்கம் திரும்பினாய். வேண்டாம் என்கிறாய் என்று நினைத்தேன். ஆனாலும் நீங்கள் எல்லோரும் மண்டபத்துக்குப் போகும்வரைக்கும் இருந்தேன்.”

“இன்னொருக்கா கேட்டிருக்கலாம்தானே!” என்று கத்தினேன். அறைக்குள் மாமா விழித்துக்கொண்டார். மாமி என்னைப் பார்த்த பார்வையில் பரிகாசம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஒருமுறை சொன்னதை எதற்கு இன்னொருமுறை சொல்லவேண்டும் என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? கையைப் பிடித்து இழுக்காத ஒன்றை அழைப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முழு நகையோடு அந்த வாசலில் நின்ற பிள்ளை, கூப்பிட ஒருவரும் வரவில்லையே என்று பொருமிக்கொண்டு நின்றது. அதைக் கூப்பிட்டாகிவிட்டது என்று அதற்குத் தெரியவில்லை.