மேல என்றால் எந்தப் பக்கம்

நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கண்டி டவுனில் வேலை, குண்டசாலையில் வாடகை அறை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கண்டி வாவிதான். அதில் படகு ஏறினாலும் கம்பியை விடமாட்டேன். அப்படிப்பட்டவன் திருகோணமலையிலிருந்து கொழும்புவரை பாய்ப்படகில் போனேன் என்றால் காதலைத் தவிர வேறென்ன பைத்தியமாக இருக்க முடியும்?

அவள் என் அலுவலகத்தில் வேலை செய்தாள். யாழ்ப்பாணத்துக் கரையோரப் பெண். அவளுடைய அப்பா, திருகோணமலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் பாய்ப்படகு ஒன்றை ஓட்டுகிறவர். பெண் கேட்டுப் போனேன். மனுஷன் முகம் சுளிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

“படகைக் கொழும்புக்குக் கொண்டுபோகவேணும். நீரும் வாரும். கரையில நிண்டு கதைச்சு ஒரு ஆளை அறியேலாது. பதிலைக் கொழும்பில சொல்லுறன்” என்றார்.

முதல் நாளே குடல் வாய்க்கு வந்துவிட்டது. அவர் ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் ரசித்துச் சாப்பிட, நான் வாந்தி எடுத்தபடி படகு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். “சாப்பிடும் தம்பி, வெறும் வயித்தில சத்தி எடுக்கிறதுதான் கஷ்டம்” என்பார். அடேயப்பா, என்ன கரிசனம்! ஆனால் காலி நகரைத் தாண்டியதும் வயிறு சமாதானமாகிவிட்டது. கயிறு இழுக்கக்கூடப் பழகினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது, சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

கொழும்பு தெரிந்தபோது உண்மையாகவே கத்திவிட்டேன். தாமரைக் கோபுரம், வானத்தைக் கிளறும் கிரேன்கள், பெட்டிகளை மலையாக அடுக்கிய கப்பல்கள். நாங்கள் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தோம். கரை வலப்பக்கம், திறந்த கடல் இடப்பக்கம். காற்று பின்னாலிருந்து தள்ள, பெரிய பாய் வலப்பக்கம் விரிந்து நின்றது. சுக்கானைப் பிடித்திருந்த அவருக்குக் கரைப்பக்கம் துளிகூடத் தெரியவில்லை. “முன்னுக்கு நிண்டு பாத்துச் சொல்லும்” என்று என்னை முன்முனைக்கு அனுப்பினார்.

துறைமுக வாயிலிலிருந்து ஒரு கப்பல் எங்களை நோக்கி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு தோட்டத்து ஃபெக்டரி அளவு இருக்கும்.

“அங்கிள்! மேல! மேல கப்பல் வருது!”

அவர் இடப்பக்கம் பார்த்தார். கப்பல் எங்கே என்று தேடி நிற்காமல், சட்டென்று சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினார். படகு நேராக அந்தக் கப்பலின் மூக்குக்கே போனது!

“ஐயோ, அங்க இல்ல! மேல! மேல!”

கப்பல் ஊதிய ஊதலில் முன்கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாய்க்கு அடியில் குனிந்து பார்த்தவர் படகை மறுபடி வெட்டித் திருப்பினார். கப்பல் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. மேலே நின்றவர்கள் சிங்களத்தில் திட்டியதில் என் மானம் அந்தக் கப்பலிலேயே ஏறிப் போய்விட்டது.

“டேய்! மேலெண்டா மேற்கு! கடல்பக்கம்! கரையைப் பாத்து மேலெண்டு கத்துறாய்!”

பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் புத்தி? “மேலன்னா மலைப்பக்கம்! மலை அங்கதானே இருக்கு? கடல விடக் கீழ வேற என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்!” என்று நானும் கத்தினேன்.

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினேன் என்பது உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு! பாயை இறக்கி, இயந்திரத்தைப் போட்டு, துறைமுகத்துக்குள் போனதும், என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி அவரே கட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு சத்தி எடுத்தது இதற்குத்தானா?

அப்போது அவருடைய போன் அடித்தது. கண்டியிலிருந்து அவள்தான்.

“ஓம் பிள்ளை, வந்து சேந்திட்டம். ஆள் உசிரோடதான் நிக்குது” என்று என்னைப் பார்த்தபடியே சொன்னார். “கண் நல்ல கூர்மை. வாயும் குறைவில்லை, என்னையே எதிர்த்துக் கதைக்குது. அவன்ர தமிழ்தான் எனக்கு விளங்கேல்லை.”

அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“உனக்கு விளங்குதெல்லோ? பிறகென்ன, நாள் பாப்பம்.”